ஜூலு விடுதலைப் பாட்டை வாலிபர் கொயருக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

சபையின் வாலிபர் கொயர் பொறுப்பு புதிதாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பிள்ளைகள் யூடியூபில் ஏதோ ஒரு ஆப்பிரிக்கப் பாட்டைக் கேட்டுவிட்டு, "அண்ணா, இதை நாமும் பாடலாமா?" என்கிறார்கள். அல்லது ஆயரே கூப்பிட்டு, மிஷனெரி ஞாயிறுக்கு வேற்று மொழிப் பாட்டு ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறார். தேடினால் பெரும்பாலும் முதலில் அகப்படுவது தென்னாப்பிரிக்காவின் ஜூலு பாட்டாக இருக்கும். நாலைந்து சொல், மூன்றே சுரக்கூட்டு (chord), ஒருமுறை கேட்டாலே ஒட்டிக்கொள்ளும் மெட்டு. எளிது என்று தோன்றும். எளிதுதான். ஆனால் எளிது என்பதாலேயே பல ஊர்க் கொயர்கள் இதைக் கீபோர்டோடு, கையில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்று பாடிவிட்டுப் போகின்றன. மெட்டு சரியாக இருக்கும், பாட்டு இருக்காது.

இவை நிறவெறி ஆட்சியை எதிர்த்துத் தெருவில் நடந்தபடி பாடிய பாட்டுகள். சவப்பெட்டிக்குப் பின்னால் போனபடி பாடியவை. அதனால் காலில் தொடங்குங்கள், அப்புறம் காது, கடைசியில்தான் தாள். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த வரிசையை ஒட்டித்தான்.

முதல் வேலை: எந்தப் பாட்டு?

"ஆப்பிரிக்கப் பாட்டு" என்று இணையத்தில் வருவதெல்லாம் ஜூலு அல்ல. தென்னாப்பிரிக்காவில் சைகை மொழியையும் சேர்த்து 12 ஆட்சி மொழிகள் உண்டு. அவற்றில் வீட்டுமொழியாக அதிகம் பேசப்படுவது ஜூலு, ஏறக்குறைய நாலில் ஒருவர் பேசுகிறார். எல்லோருக்கும் தெரிந்த ஷோஷோலோஸா, இன்றைய ஜிம்பாப்வே பக்கமிருந்து ரயிலேறிச் சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பாட்டு. அதன் வேர் இன்டெபெலே மொழியில் இருக்கிறது. இன்னொன்று என்கோஸி சிகெலெல் இஆஃப்ரிகா. ஈனாக் சொன்டோங்கா என்ற மெதடிஸ்ட் மிஷன் பள்ளி ஆசிரியர் 1897-ல் எழுதியது. தொடக்க வரிகள் கோசா மொழியில் இருக்கும். 1997 முதல் அது அந்த நாட்டுத் தேசிய கீதத்தின் பகுதி. எழுந்து நின்று பாட வேண்டிய பாட்டை இடுப்பை அசைத்துப் பாடினால் நன்றாக இருக்காது. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு நான் மூன்றைச் சொல்வேன். முதலாவது சியஹாம்ப. "ஆண்டவரின் ஒளியில் நடக்கிறோம்" என்பதுதான் முழுப் பாட்டும். இரண்டாவது துமா மினா, "என்னை அனுப்பும், சர்வவல்லவரே". ஏசாயா 6:8-ல் நம் வேதாகமத்தில் வரும் "என்னை அனுப்பும்" அப்படியே இருக்கிறது. முன்னவர் ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் பதில் பாடும் அமைப்பு. ஆராதனை முடிவுக்குப் பொருத்தமானது. மூன்றாவது சென்ஸெனி னா, "நாங்கள் என்ன செய்துவிட்டோம்?" போராட்டக் காலத்துச் சவ அடக்கங்களில் திரும்பத் திரும்பப் பாடப்பட்ட புலம்பல். எங்கள் கறுப்பு நிறமே எங்கள் பாவம் என்று ஒரு வரி வரும். லெந்து நாட்களில், புனித வெள்ளியில் பாடலாம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் அதை முதல் பாட்டாகக் கொடுக்காதீர்கள். அதைத் தாங்கும் குரலும் மனமும் சேர்ந்து வர நாளாகும்.

போராட்டப் பாட்டுகள் எல்லாம் கோவிலுக்கு ஏற்றவை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். இயந்திரத் துப்பாக்கியைக் கேட்கும் பாட்டும் அந்த வரிசையில் உண்டு. பொருள் தெரியாத பாட்டை, மெட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக எடுக்கக் கூடாது.

இனி சியஹாம்பவை வைத்தே பேசுகிறேன்.

இரண்டாவது வேலை: கதையைச் சொல்லுங்கள், பாடத் தொடங்கும் முன்பே

கதையை நிகழ்ச்சிக்கு முந்தின நாள் வரை தள்ளிப்போட்டால் அது அறிவிப்பாளர் படிக்கும் இரண்டு வரியாகச் சுருங்கிவிடும். முதல் பயிற்சியிலேயே இருபது நிமிடம் ஒதுக்கிவிடுங்கள். பிள்ளைகள் நெளிவார்கள், பரவாயில்லை.

1948-ல் தென்னாப்பிரிக்காவில் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து நிறவெறியைச் சட்டமாக்கியது. கறுப்பர் எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், எந்த பெஞ்சில் உட்காரலாம் என்பது வரை சட்டம் இருந்தது. கையில் பாஸ் புத்தகம் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் நகரத்துக்குள் நடமாட முடியாது. அந்தப் பாஸ் சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் காவல் நிலையத்தின் முன் கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே கறுப்பர்களின் விடுதலை இயக்கமான ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. கூட்டம் போட வழியில்லை, மேடை இல்லை, தலைவர்கள் சிறையில். மிச்சம் இருந்தவை கோவிலும் கல்லறைத் தோட்டமும்தான். ஆராதனையும் சவ அடக்கமுமே மக்கள் கூடும் இடங்களாயின. அங்கே பேச்சை விடப் பாட்டு அதிகம் பேசியது. பேசியவர் யாரென்று பார்த்துப் பிடிக்கலாம், ஆயிரம் பேர் நான்கு குரலில் பாடும்போது யாரைப் பிடிப்பது?

உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மாணவர்கள் என்றால் 1976 ஜூன் 16-ஐச் சொல்லாமல் விடாதீர்கள். பாடங்களில் பாதியை, வெள்ளை ஆட்சியாளர்களின் மொழியான ஆஃப்ரிகான்ஸில்தான் படிக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து, ஜோகனஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பர் குடியிருப்பான சொவேட்டோவின் பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு பாடிக்கொண்டே ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. 12 வயது ஹெக்டர் பீட்டர்சனை ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஓடும் புகைப்படத்தைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள், நீண்ட விளக்கம் தேவைப்படாது. அன்று ஓடிவந்தவர்கள் தஞ்சம் புகுந்தது ரெஜினா முண்டி என்ற கத்தோலிக்கக் கோவிலில். போலீஸ் உள்ளேயும் வந்து சுட்டது. இன்று தென்னாப்பிரிக்காவில் ஜூன் 16 இளைஞர் தினம், அரசு விடுமுறை.

கொயர் பிள்ளைகளுக்கு இன்னொருவரையும் தெரிந்திருக்க வேண்டும். வூயிசிலே மினி. தொழிற்சங்கக்காரர், கட்டைக் குரலுக்குப் பேர்போன பாடகர், பாட்டும் கட்டுவார். 1964 நவம்பரில் பிரிட்டோரியா சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் கட்டிய பாட்டுகள் கோசா மொழியில் இருப்பதால் நம் வரிசையில் வரவில்லை.

இனி சியஹாம்பவின் கதை. 1978-ல் ஃபியேடூர் என்ற ஸ்வீடன் நாட்டுக் கொயர் தென்னாப்பிரிக்காவில் பயணம் செய்தது. அதை நடத்திய ஆண்டர்ஸ் நீபெரி, அங்கே கேட்ட பாட்டுகளை எழுதி எடுத்து 1984-ல் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தார். உலகச் சபைகள் இன்று பாடும் வடிவம் பெரும்பாலும் அந்த வழியாக வந்ததுதான். பாட்டில் அரசாங்கத்துக்கு எதிராக ஒரு சொல் கிடையாது. ஞானப்பாட்டு, அவ்வளவுதான். ஆனால் நடக்கவே அனுமதிச் சீட்டு கேட்ட நாட்டில் "நடக்கிறோம், நடக்கிறோம்" என்று ஒரு கூட்டம் பாடிக்கொண்டு போனால், கேட்கிறவனுக்கு என்ன புரியுமோ அது புரியும். 1989 செப்டம்பர் 13 அன்று கேப் டவுனில் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்திலிருந்து பேராயர் டெஸ்மண்ட் டூட்டு முன்னே நடக்க ஏறக்குறைய 30,000 பேர் அரசை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். ஐந்து மாதம் கழித்து, 1990 பிப்ரவரி 11-ல் மண்டேலா விடுதலையானார்.

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று பிள்ளைகள் நினைத்தால், ஜூலு மக்களின் மண்ணில் நம்மவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் தமிழ் அப்படித்தான் கால் வைத்தது. 1913 நவம்பரில், இந்தியர்மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்துக் காந்தியோடு நேட்டால் எல்லையைத் தாண்டி நடந்தவர்கள் 2,000க்கும் மேல், அதில் நிலக்கரிச் சுரங்கத் தமிழர்கள் நிறைய. அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22-ல் இறந்தபோது அவளுக்கு 16 வயது. உங்கள் கொயரில் பலருக்கு அதே வயதுதான் இருக்கும். டர்பன் பக்கம் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு அருகிலேயே, ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் முதல் தலைவரான ஜான் டூபே தொடங்கிய ஓலாங்கே பள்ளி இருக்கிறது. சொன்டோங்காவின் பாட்டை ஊர் ஊராகப் பரப்பியதில் அந்தப் பள்ளிக் கொயருக்குப் பங்கு உண்டு. 1994-ல் மண்டேலா தன் வாழ்நாளில் முதல்முறையாக ஓட்டுப் போட்டதும் அந்தப் பள்ளியில்தான்.

மூன்றாவது: வாய்

முழு வரி இதுதான்: சியஹாம்ப் எகுக்ஹாஞேனி க்வென்கோஸ். சிய என்றால் நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம், ஹாம்ப என்றால் நட. எகுக்ஹாஞேனி, ஒளியில். க்வென்கோஸி, ஆண்டவருடைய. பாடும்போது கடைசி இகரம் விழுந்துவிடும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மொழி பாதி சாதகம், பாதி கண்ணி. ஜூலுவில் உயிரொலி ஐந்துதான், அ, எ, இ, ஒ, உ. வளைத்து நெளிக்காமல் சுத்தமாக ஒலிக்க வேண்டும், அது நமக்கு இயல்பு. ஞே நமக்கு உண்டு, ம்ப நமக்கு உண்டு. எல்லோரையும் பயமுறுத்தும் நாக்குச் சொடுக்கு ஒலிகள் இந்தப் பாட்டில் ஒன்றுகூட இல்லை.

கண்ணி மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று, நீட்டம். ஜூலுவில் பொதுவாகச் சொல்லின் கடைசிக்கு முந்திய அசை நீளும். அதனால் சியஹாம்ப. "சியாஹம்பா" என்று பாடினால் நீளம் தப்பான இடத்தில் விழுகிறது. சி, ய இரண்டும் குறில், ஹா நீளும், ம்ப சட்டென்று முடியும். இரண்டு, க்ஹா. இதில் மூச்சு வெளியே வர வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக் காற்றுப் படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முந்தைய கு மென்மையானது, தமிழில் "நகு" என்னும்போது வருவது போல விட்டுவிடலாம். மூன்றாவதுதான் பெரிய தொல்லை. தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் ககரம் தானாகவே மெலிந்துவிடும், தங்கம், சங்கு போல. அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் "க்வெங்கோஸ்" என்பார்கள். ஜூலுவில் அந்தக் ககரம் வல்லினமாக, வெடித்து வர வேண்டும். "க்வெங், க்கோஸ்" என்று பிரித்து இருபது தடவை சொல்லவைத்தால் சரியாகிவிடும்.

ஆங்கில எழுத்தில் அச்சான சொற்களைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்லட்டும். அப்புறம் தேவைப்பட்டால் அவரவர் காதில் விழுந்தபடி தமிழில் எழுதிக்கொள்ளட்டும். உங்களுக்கே உச்சரிப்பில் சந்தேகம் இருந்தால் தென்னாப்பிரிக்கக் கொயர்களின் பதிவுகளைக் கேளுங்கள். அமெரிக்க, ஐரோப்பியப் பள்ளிக் கொயர் வீடியோக்கள்தான் தேடலில் முதலில் வரும், அவற்றைத் தாண்டிப் போங்கள்.

நான்காவது: கால்

ஹாலில் நாற்காலிகளை ஓரம் தள்ளுங்கள். பாட்டே இல்லாமல் வட்டமாக நடக்கச் சொல்லுங்கள். வலது, இடது, வலது, இடது. நிதானமான நடை, ஓட்டம் வேண்டாம். நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் கால் விழட்டும், முழங்கால் கொஞ்சம் தளர்ந்திருக்கட்டும். நடை ஒழுங்கானதும் இரண்டிலும் நான்கிலும் கைதட்டல் சேருங்கள். நம் கீர்த்தனைப் பழக்கத்தில் கை தானாக ஒன்றாம் எண்ணிக்கைக்கு ஓடும். அதை இழுத்துப் பிடிப்பதற்குள் ஒரு பயிற்சி நேரம் போய்விடும், போகட்டும்.

நடந்துகொண்டே நீங்கள் மெட்டைப் பாடுங்கள். அவர்கள் வரி வரியாகத் திருப்பிப் பாடட்டும். வரியின் கடைசிச் சொல் தட்டின்மேல் நேராக உட்காராது, விலகித்தான் விழும். இதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினால் குழப்பம்தான் மிஞ்சும். கால் ஒழுங்காக நடந்தால் குரல் தானே சரியான இடத்தில் விழுந்துவிடும். நின்ற இடத்தில் கற்ற கொயருக்கு இது கடைசி வரை கைக்கு வராது, கவனித்துப் பாருங்கள்.

சபைப் பெரியவர் யாராவது எட்டிப் பார்த்து, "கோவிலில் ஆட்டமா?" என்று கேட்கலாம். ஆட்டம் இல்லை ஐயா, பவனி என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை. ஞாயிறு தோறும் கொயர் பவனியாகத்தானே உள்ளே வருகிறது. "இது அரசியல் பாட்டுத்தானே?" என்று அடுத்த கேள்வி வந்தால் ஏசாயா 2:5-ஐத் திறந்து காட்டுங்கள்: "கர்த்தரின் வெளிச்சத்திலே நடப்போம் வாருங்கள்." அதற்காக, அரசியலே இல்லை என்று சாதிக்கவும் வேண்டாம். இருந்தது. அதைப் பாடியவர்கள் வேதத்தை நம்பித்தான் தெருவில் இறங்கினார்கள். ஆயரிடம் மட்டும் எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல்முறையாக மேடையில் பார்த்து அவர் திடுக்கிடும் நிலை வரக் கூடாது.

ஐந்தாவது: குரல்கள்

அச்சில் கிடைக்கும் வடிவங்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பாஸ் என்று நான்கு குரலுக்கு இருக்கும். எல்லாக் குரலும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் பாடுவதால் கடினமில்லை. பெண்பிள்ளைகள் நிறைய, பையன்கள் நான்கு பேர், அதில் இருவருக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் வாலிபர் கொயர்களின் உண்மை நிலவரம். அப்படியானால் டெனாரை விட்டுவிடுங்கள், பாஸை மட்டும் விடாதீர்கள். ஜூலுப் பாட்டு கீழ்க்குரலின் மேல்தான் நிற்கிறது. லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ என்ற புகழ்பெற்ற ஜூலுப் பாடகர் குழுவில் ஆல்டோ ஒருவர், டெனார் ஒருவர், பாஸ் ஏழு பேர் என்ற கணக்கில் பாடினார்கள் என்றால் பாருங்கள். குரல் உடையும் பையன்களுக்கு ஐந்து சுரத்துக்குள் அடங்கும் எளிய வரி ஒன்றைக் கொடுத்தால் போதும். அப்பாமார் சிலரை பாஸுக்குக் கூப்பிடுவதும் தப்பில்லை, பெயர்தான் வாலிபர் கொயர்.

ஜி மேஜரில் தொடங்கிப் பாருங்கள். சோப்ரானோ திணறினால் ஒரு சுரம் இறக்குங்கள். மெட்டு ஊறியபின் பாஸ், அதற்குப் பின் ஆல்டோ, கடைசியாக டெனார் என்று சேர்ப்பது என் வழக்கம். சோல்ஃபா தெரிந்த மூத்தவர் சபையில் இருந்தால் அவரை அழைத்து உட்காரவையுங்கள். தென்னாப்பிரிக்காவில் மிஷன் பள்ளிகள் விட்டுச்சென்ற டோ, ரே, மி முறையை வைத்தே கொயர்கள் இன்றும் பெரிய பெரிய பாடல்களைக் கற்கின்றன, ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் தெரியாது என்று யாரும் வெட்கப்படுவதில்லை.

பிள்ளைகளின் குரல் அழகாக, மெலிதாக, தலைக்குள்ளிருந்து வரும். கேரல் ஆராதனைக்கு அது நல்லது. இங்கே வேண்டாம். மார்பிலிருந்து, வாயை நன்றாகத் திறந்து, வெட்டவெளியில் பேசும் குரலில் பாட வேண்டும். கத்தல் வேண்டாம், தொண்டை போய்விடும்.

இரண்டாம் பகுதி, "சியஹாம்ப, ஹாம்ப" என்று மாறி மாறி வருமிடத்தில் முன்னவர் ஒருவர் தேவை. நல்ல குரல் உள்ளவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், பயமில்லாதவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் பாட்டின் நடுவில் சத்தமாக "மீண்டும்!" என்று கைகாட்டினால் மற்றவர்கள் திரும்பப் பாட வேண்டும். எத்தனை தடவை பாடுவது என்று முன்பே எண்ணி வைக்காதீர்கள். முதல் சுற்று மெதுவாக, பாதிக் குரலில். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குரல் கூடட்டும். வேகத்தைக் கூட்டவே வேண்டாம். உற்சாகத்தில் பிள்ளைகள் ஓடுவார்கள், பாஸ் பிடித்து நிறுத்த வேண்டும்.

கீபோர்டு வேண்டாம். வாசிக்கிற தம்பி கோபித்துக்கொள்ளத்தான் செய்வார், அவரை பாஸில் நிறுத்துங்கள், காது நன்றாக இருக்கும்.

உடை, கொட்டு, கோஷம்

ஆப்பிரிக்கா என்றதும் ஒரு ஜெம்பே கொட்டைக் கொண்டுவந்து வைத்துவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஜெம்பே மேற்கு ஆப்பிரிக்காவின் கொட்டு. ஜூலுப் போராட்டப் பாட்டுக்குத் துணை காலும் கையும்தான். அதேபோல் புலித்தோல் அச்சிட்ட துணி, முகத்தில் கோடு, இலைப் பாவாடை எதுவும் வேண்டாம். இந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் பள்ளிச் சீருடையிலும், ஆலை உடுப்பிலும், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையிலும் பாடினார்கள். உங்கள் பிள்ளைகள் எப்போதும் உடுத்தும் கொயர் உடையே போதும்.

முஷ்டியை உயர்த்தி ஒருவர் "அமாண்ட்லா!" என்று குரல் கொடுக்க, கூட்டம் "அவேத்து!" என்று பதில் சொல்வது போராட்டக் கோஷம். அதிகாரம், அது நம்முடையது என்று அர்த்தம். வீடியோவில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நான் சேர்க்க மாட்டேன். அந்தக் கோஷத்துக்காக அடி வாங்கியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அலங்காரத்துக்கு எடுத்துக்கொள்ளும் பொருள் அல்ல அது. குலவை விஷயம் வேறு. ஜூலுப் பெண்கள் மகிழ்ச்சியில் இடும் குலவையும் நம் ஊர்க் குலவையும் ஏறக்குறைய ஒன்றேதான். சபையில் குலவை போடத் தெரிந்த அம்மா யாராவது இருந்து, தானாக வாய்விட்டுப் போட்டால் தடுக்காதீர்கள். ஆனால் ஒத்திகையில் எழுதி வைக்கவும் வேண்டாம்.

ஆராதனையில்

மேடையில் வரிசையாக ஏறி நின்று, தொண்டையைச் செருமி, பாடி, கைதட்டலுக்குக் காத்திருப்பது இந்தப் பாட்டுக்கு ஒத்துவராது. பின்வாசலிலிருந்து பாடிக்கொண்டே உள்ளே வாருங்கள். பாஸ் குரல்கள் முன்னாலும் பின்னாலும் இருந்தால் நடுவில் போகிறவர்களுக்குச் சுருதி பிசகாது. நீளமான கோவிலில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் தாளம் அரை எண்ணிக்கை விலகும், அதனால் கைதட்டலைப் பீடத்துக்கு அருகே சேர்ந்தபின் தொடங்குங்கள். மைக் வேண்டாம், நடந்து வருகிறவர்களுக்கு அது தொல்லைதான்.

முன்னால் வந்து இரண்டு மூன்று சுற்று பாடியபின் சபையை நோக்கித் திரும்பி, முன்னவர் வரியைச் சொல்லிக்கொடுத்து எல்லோரையும் சேர்க்கட்டும். ஒரே வரிதான், பாட்டிமாரும் பிடித்துக்கொள்வார்கள். கன்டக்டர் என்று நீங்கள் முன்னால் நின்று கைவீச வேண்டியதில்லை, வரிசையில் ஒருவராக நடந்து வாருங்கள். பாட்டுக்கு முன்னால் இரண்டு நிமிட அறிமுகம் வேண்டுமானால் ஒரு பிள்ளை சொல்லட்டும், சொந்த வார்த்தையில். சொவேட்டோ பிள்ளைகளைப் பற்றி ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை சொன்னால் சபை கேட்கும் விதமே வேறு. நாள் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ஜூன் 16-ஐ ஒட்டிய ஞாயிறு நல்லது. தென்னாப்பிரிக்காவின் விடுதலை நாளான ஏப்ரல் 27-ம் பொருந்தும், 1994-ல் எல்லா நிறத்தாரும் முதன்முதலாக ஓட்டுப் போட்ட நாள் அது. ஆனால் ஏப்ரல் கடைசி என்றால் பாதிக் கொயர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கும்.

பெயரும் அனுமதியும்

ஆராதனை முறைத் தாளில் "ஆப்பிரிக்கப் பாடல்" என்று போடாதீர்கள். ஆப்பிரிக்கா ஒரு கண்டம். "தென்னாப்பிரிக்கா, ஜூலு மொழி" என்று போடுங்கள். நீங்கள் பாடும் ஏற்பாட்டை எழுதியவர் பெயர் அச்சுப் பிரதியில் இருக்கும், அதையும் சேருங்கள். மக்கள் பாட்டு என்றாலும் குரல் ஏற்பாட்டுக்கு உரிமை உண்டு. ஒரு பிரதியை வாங்கி முப்பது ஜெராக்ஸ் போடுவது முறையல்ல. ஆராதனையை யூடியூபில் நேரலை விடும் சபை என்றால் உங்கள் பாடல் உரிமம் நேரலையையும் உள்ளடக்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காதால் கேட்டு, நீங்களே குரல்களை அமைத்துக் கற்றுக்கொடுத்தால் இந்தத் தொல்லை குறையும். ஆரம்பத்திலிருந்து தாள் வேண்டாம் என்று சொல்லி வருவதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

பெயர் போடுவதை இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாலமன் லிண்டா என்ற ஜூலுப் பாடகர் 1939-ல் ஜோகனஸ்பர்க்கில் ம்பூபே என்ற பாட்டைப் பதிவு செய்தார். கையில் கிடைத்தது சில ஷில்லிங். அந்த மெட்டு வேறு பெயர்களில் உலகம் சுற்றி, சிங்கம் வரும் கார்ட்டூன் படம் வரை போய்க் கோடிக்கணக்கில் சம்பாதித்தது. லிண்டா 1962-ல் வறுமையில் இறந்தார். அவருடைய மகள்களுக்கு ஒரு உடன்பாடு கிடைத்தது 2006-ல்.

சியஹாம்ப சரியாக அமைந்துவிட்டால் அடுத்து துமா மினாவை எடுங்கள். கடைசி அசைக்கு முந்தியது நீளும் என்ற அதே விதிப்படி அது "மீனா" என்றுதான் ஒலிக்கும். கொயரில் மீனா என்று ஒரு பிள்ளை இருந்தால் முதல் பயிற்சி முழுக்கச் சிரிப்பிலேயே போகும், அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.